தலைவர்களுக்குப் பஞ்சமில்லாத சாலை

சும்மா சொல்லக் கூடாது. தலைவர்களை உருவாக்குவதில் நம் பழைய மகாபலிபுரம் சாலையை அடித்துக்கொள்ள நாட்டில் இன்னொரு சாலை கிடையாது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பார்க்கைத் திறந்தபோது, மென்பொருள் எழுதுவார்கள், ஏற்றுமதி செய்வார்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்ற அளவில்தான் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். இத்தனை தலைவர்கள் விளைவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்று மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் காலை நேரத்தில் ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஜன்னல் ஓரம் தூங்குகிறவர் டீம் லீட். அவர் தோளில் சாய்ந்து தூங்குகிறவர் மாட்யூல் லீட். முன் சீட்டில் தலை தொங்கத் தூங்குகிறவர் டெக் லீட். விழித்திருக்கும் ஒரே ஆள் போன வாரம் சேர்ந்த ஃப்ரெஷர். கவலை வேண்டாம், இரண்டு வருஷத்தில் அவருக்கும் பெயரோடு ஒரு ‘லீட்’ ஒட்டிக்கொள்ளும். ஹைக் வருகிறதோ இல்லையோ, பதவிப் பெயர் தவறாமல் வந்துவிடும்.

தாம்பூலம் வைத்து அழைத்துப் பாராட்ட வேண்டிய சாதனை இது. ஆனால் யாரும் வாய் திறந்து பாராட்டுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பழைய ஆட்களுக்கு இந்தக் கலை பிடிபடவே இல்லை. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இல் ஆரம்பித்த கம்பெனி. நாமக்கல் பக்கம் மோகனூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, கோவையிலும் திருச்சி ஆர்.இ.சி.யிலும் பட்டம் வாங்கிய என். சந்திரசேகரன் அங்கே 1987இல் சேர்ந்தார். 2009இல் தலைமைச் செயல் அதிகாரி. 2017இல் டாடா சன்ஸுக்கே தலைவர். அதே கோவை இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் படித்த கே. கிருத்திவாசன் 1989இல் சேர்ந்தார். 2023இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். ஒருவருக்கு 22 வருஷம், இன்னொருவருக்கு 34 வருஷம்! ஓர் ஆளை உள்ளேயே வைத்துக்கொண்டு, வேலை மேல் வேலையாகக் கொடுத்து, பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் சாவியையும் அவரிடமே கொடுப்பது என்றால் எவ்வளவு கால விரயம்! இன்றைக்கு அந்த வேலையை ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் இரண்டே நாளில் முடித்துவிடுகிறோம். காலை காபி, மதியம் பன்னீர் பட்டர் மசாலா, சாயங்காலம் குரூப் போட்டோ. ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு திரும்பும்போது ஆளுக்கொரு சான்றிதழ். லிங்க்ட்இன்னில் ஆளுக்கொரு பதிவு.

அப்படி ஒரு பயிற்சி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். திரையில் ‘உனக்குள் இருக்கும் தலைவனைக் கண்டுபிடி’ என்று ஆங்கிலத்தில் ஓடும். பயிற்சியாளர் மும்பையிலிருந்து விமானத்தில் வந்திருப்பார். வாழ்நாளில் ஒரு கோடு கூட டெப்ளாய் செய்திருக்க மாட்டார். ஆனால் எவரெஸ்ட் பற்றி நாற்பது ஸ்லைடு வைத்திருப்பார். வட்ட மேசைக்கு ஆறு பேர். மேசையில் ஒரு கட்டு ஸ்பகெட்டி, செலோடேப், நூல், ஒரே ஒரு மார்ஷ்மெல்லோ. பதினெட்டு நிமிஷத்தில் யார் உயரமான கோபுரம் கட்டுகிறார்களோ அவர்களே தலைவர்கள். வேகாத நூடுல்ஸை வைத்து விளையாடினால் வீட்டில் அம்மா முதுகில் நாலு வைப்பாள். இங்கே அதற்கு ஸ்கோர் கார்டு உண்டு.

மூன்றாவது மேசையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த நேரம் பார்த்து போன் அதிரும். கிளையன்ட் பக்கம் பில்லிங் சிஸ்டம் படுத்துவிட்டது. அவள் எழுந்து வராந்தாவுக்குப் போகிறாள். ஒரு காதில் போன், மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, நேற்று இரவு ஏற்றிய மாற்றத்தைத் திருப்பி எடுக்கலாமா வேண்டாமா என்று ஐந்து பேரிடம் கேட்கிறாள். ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். ‘சரி, ரோல்பேக் பண்ணுங்க, கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க’ என்கிறாள். அரை மணியில் சிஸ்டம் எழுந்துவிடுகிறது. உள்ளே வந்தால் அவளுடைய மேசைக் கோபுரம் சரிந்து கிடக்கிறது. பயிற்சியாளர் சிரித்த முகத்தோடு, ‘தலைவர் என்பவர் கணத்தில் முழுமையாக இருக்க வேண்டும்’ என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார். அவளுக்கு ‘ஈடுபாடு’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு. ‘வளரும் தலைவர்’ கோப்பை ஏழாவது மேசைக்கு. அந்த மேசைக்காரர்கள் மார்ஷ்மெல்லோவைப் பாதி கடித்து எடையைக் குறைத்தவர்கள்.

இவ்வளவு கறாராகத் தேர்வு செய்கிற துறையை யார் குறை சொல்ல முடியும்?

அஸ்திவாரமும் சாதாரணமாகப் போட்டதல்ல. நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இதற்காகவே உழைக்கின்றன. எத்தனையோ கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்ற தொந்தரவு கிடையாது. பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. இருவரும் பேசிக்கொண்டால் ஐ.டி. கார்டு பறிபோகும். ஷூ போடாவிட்டால் ஃபைன், தாடி வைத்தால் ஃபைன், கேன்டீன் சாம்பாரைப் பற்றிக் கேட்டால் இன்டர்னல் மார்க்கில் கை. நான்கு வருஷம் இப்படி வளர்த்த பிறகு, எட்டாவது செமஸ்டரில் ‘தலைமைப் பண்புகள்’ என்று ஒரு மதிய வகுப்பு. மறுநாள் அத்தனை பேர் ரெஸ்யூமிலும் ‘சிறந்த தலைமைத் திறன்’ என்ற வரி ஏறிவிடுகிறது. ஆதாரமாகச் சிம்போசியத்தில் சாப்பாட்டுக் கமிட்டியில் இருந்ததைக் காட்டுகிறார்கள். பொட்டலம் பிரித்துக் கொடுத்த அனுபவம் வீண் போகாது. பின்னால் வேலை பிரித்துக் கொடுக்கும்போது உதவும்.

கல்லூரி முடிந்ததும் பொறுமை என்ற பாடம். வருஷத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்று பத்து வருஷத்துக்கு மேலாக ஃப்ரெஷர் சம்பளத்தை ஆடாமல் அசையாமல் காப்பாற்றி வருகிறார்கள். வேளச்சேரியில் வாடகை ஏறியது, பெருங்குடியில் பி.ஜி. கட்டணம் ஏறியது, டீ ஏறியது, பெட்ரோல் ஏறியது. கொள்கையில் நின்றது அந்தச் சம்பளம் ஒன்றுதான். நிலையாமை நிறைந்த உலகில் நிலையான ஒன்றைக் காட்டுவதை விடப் பெரிய கல்வி உண்டா? சிலருக்கு இன்னும் உயர்ந்த பாடமும் நடத்தினார்கள். 2022இல் வேலைக் கடிதம் பெற்ற பட்டதாரிகள் பலரை இரண்டு வருஷம் காத்திருக்க வைத்து 2024இல் சேர்த்துக்கொண்டது இன்ஃபோசிஸ். 2025 பிப்ரவரியில், உள் தேர்வில் தேறவில்லை என்று மைசூரு வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அனுப்பிவைத்தது. வருகிறதா இல்லையா என்று ஒரு கடிதத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு வருஷம், பிறகு பெட்டி கட்ட ஒரு நாள். இருபத்திரண்டு வயதில் பற்றறுக்கும் பயிற்சி இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைக்காது.

பொறுமையைத் தாண்டி நிலைத்தவர்களுக்குப் பொறுப்பு வருகிறது. எவ்வளவு பொறுப்பு என்கிறீர்கள்! பதினான்கு வருஷ அனுபவம் உள்ள ஒரு டெலிவரி மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே அறுபது பேர். மாதம் கோடிக்கணக்கில் கிளையன்டுக்கு பில் போகிறது. ஒரு நாள் டெஸ்டிங் முடித்து வெளியே வந்த பெண்ணுக்கு இரவு ஒரு மணி, கேப் போய்விட்டது. ஆட்டோ பிடித்து மேடவாக்கம் போயிருக்கிறாள். 480 ரூபாய். மறுநாள் மேனேஜர் டிக்கெட் போடுகிறார். முதலில் போக்குவரத்துப் பிரிவு, பிறகு அட்மின், பிறகு ஃபைனான்ஸ். ‘முன் அனுமதி பெறப்படவில்லை’ என்று திரும்பி வருகிறது. இரவு ஒரு மணிக்கு யாரிடம் முன் அனுமதி வாங்குவது என்று அவர் பதில் எழுதுகிறார். பதிலுக்குக் கொள்கை ஆவணத்தின் லிங்க் வருகிறது. பதினோராம் நாள் அவரே ஜி-பேயில் 480 ரூபாயை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடுகிறார். உடனே ஒரு மெயில்: ‘உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

அறுபது குடும்பங்களின் வேலையை நம்பி ஒப்படைக்கலாம், ஆட்டோ காசை நம்பி ஒப்படைக்க முடியாது என்ற இந்தத் தெளிவு எல்லா நிர்வாகத்துக்கும் வராது. பணத்தைத் தொடவிடாமல் வளர்த்தால்தான் தலைவன் சுத்தமாக வளர்வான் என்று பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

அப்ரைசல் மாதம் வந்தால் தலைமைப் பயிற்சி உச்சத்துக்குப் போகும். குழுவில் பத்துப் பேர். பத்துப் பேரும் நன்றாக உழைத்தவர்கள். ஆனால் ரேட்டிங் மணி வளைவுக்குள் அடங்க வேண்டும். யாராவது ஒருவர், இருவர் அடியில் விழுந்தே ஆக வேண்டும். எத்தனை பேர் என்று மேலே முடிவாகிவிடும். யார் என்பதும் பல நேரம் ‘நார்மலைசேஷன்’ கூட்டத்தில் முடிவாகிவிடும். டீம் லீடுக்கு விடப்படுவது மிக உயர்ந்த பணி. ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்து, தான் எடுக்காத முடிவைத் தானே எடுத்தது போலச் சொல்ல வேண்டும். ‘உங்க விசிபிலிட்டி கொஞ்சம் போதலை.’ ‘கம்யூனிகேஷன்ல இன்னும் கவனம் வேணும்.’ எதிரே இருப்பவரோ மூன்று மாதம் சனி, ஞாயிறு பாராமல் மைக்ரேஷன் முடித்தவர். சொல்கிறவருக்குத் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருந்தும் இருவரும் தலையாட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். பேசாமல் பேசவும் நம்பாமல் நம்பவும் கற்றுத்தருகிற இந்த அறையை விட நல்ல அரசியல் பள்ளி தமிழ்நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை. கட்சிக்காரர்கள் பொறாமைப்படலாம்.

இப்போது உலகளாவிய திறன் மையங்கள் என்று இன்னொரு யோகம் அடித்திருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் சென்னையிலும் கோவையிலும் சொந்த அலுவலகம் திறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் ஒரு தலைவர் உண்டு. ரிப்பன் வெட்டுவார், குத்துவிளக்கு ஏற்றுவார், பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு பானை முன்னால் நிற்பார். எந்த மென்பொருள் செய்வது, எதை நிறுத்துவது, எத்தனை பேரை எடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் டெக்சாஸிலோ லண்டனிலோ அவர் தூங்கும் நேரத்தில் முடிவாகும். காலையில் எழுந்து மெயிலைப் பார்த்தால் அன்றைக்குத் தன் நிலைப்பாடு என்ன என்று அவருக்கே தெரிந்துவிடும். இரவெல்லாம் விழித்து யோசிக்கிற கஷ்டம் தலைவருக்கு எதற்கு? அந்தப் பாரத்தை மேற்கே உள்ளவர்கள் பெருந்தன்மையோடு சுமக்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டு வளர்த்த தலைவர்களை உச்சி நாற்காலியில் உட்காரவைத்து வீணாக்குவார்களா? காக்னிசன்ட் 1994இல் சென்னையில் பிறந்த கம்பெனி. 2003இல் உள்ளேயிருந்தே லட்சுமி நாராயணன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அவருக்குப் பின் 2007இல் வந்த பிரான்சிஸ்கோ டிசோசாவும் வீட்டு ஆள்தான். அந்தப் பழக்கம் தொடர்ந்திருந்தால் கம்பெனிக்கே கெட்ட பெயர் வந்திருக்கும். நல்ல வேளை, 2019இல் வோடஃபோனிலிருந்து ஒருவரையும் 2023இல் இன்ஃபோசிஸில் இருந்த இன்னொருவரையும் கூட்டிவந்து திருத்திக்கொண்டார்கள். அந்த இன்ஃபோசிஸும் 2014இல் எஸ்.ஏ.பி.யிலிருந்தும் 2018இல் கேப்ஜெமினியிலிருந்தும் ஆள் கூட்டிவந்த இடம்தான். இளையவர்களும் மூத்தவர் வழியே நடக்கிறார்கள். 2010இல் சென்னையில் ஆரம்பித்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் மணி அடித்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2024 மே மாதம் கிரிஷ் மாத்ருபூதத்துக்கு அடுத்த தலைமைச் செயல் அதிகாரியாகக் கலிஃபோர்னியாவின் டென்னிஸ் வுட்சைடை அமர்த்தியது. அதற்குள் உள்ளூரில் வளர்ந்த ஆயிரக்கணக்கான ‘லீட்’கள் என்ன ஆனார்கள் என்று கேட்கக் கூடாது. பீரோவில் நாப்தலின் உருண்டை போட்டு மடித்துவைத்த பட்டுப்புடவை மாதிரி அவர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நல்ல நாளுக்கு என்று வைத்தது. அந்த நல்ல நாள் வருவதற்குள் மடிப்பில் இற்றுப்போனால் அது புடவையின் தலையெழுத்து.

இற்றுப்போகும் வரை காத்திருக்க மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ்., எதிர்காலத்துக்குத் தயாராவதற்காக, சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஊழியரில் ஏறக்குறைய இரண்டு சதவீதம். பெரும்பாலும் நடுநிலை, மூத்தநிலைப் பதவிகளில் இருப்பவர்கள். பதினைந்து, இருபது வருஷம் வளர்த்து, ‘இனி இவர் தலைவர்’ என்று சொல்லத் தக்க பதத்தில் உலகுக்குத் தானமாகக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? 2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் 660 பேரை அனுப்பியது. ஊழியரில் சுமார் 13 சதவீதம். அதே வேளையில் 400 மில்லியன் டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளப்போவதாகவும் அறிவித்தது. மனிதர்கள் மேல் வைத்த பற்றை விட்டு, தன் மேல் தான் வைக்கும் நம்பிக்கையை ஒரு நிறுவனம் இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது.

மிச்சமிருப்பவர்களுக்குப் பெரியவர்களின் அருளுரையும் குறைவின்றிக் கிடைக்கிறது. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 ஆக உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அக்கறையோடு கேட்டார். வாரத்துக்கு 168 மணி நேரம்தான் என்பது நம் துரதிர்ஷ்டம். போக்குவரத்து நெரிசலில் போகும் நேரம், தூங்கும் நேரம், குளிக்கும் நேரம் போக, குடும்பம் என்ற கவனச் சிதறலுக்குக் கொஞ்ச நேரம் மிஞ்சிவிடுகிறது. அதையும் ஒழித்துவிட்டால் தலைவர்கள் இன்னும் வேகமாக முற்றுவார்கள். யோசிக்க நேரம் கிடைத்தால்தானே ‘எதற்காக இதைச் செய்கிறோம்’ என்ற கேள்வி வரும்? அந்தக் கேள்வி தலைமைக்கு ஆகாத கேள்வி.

பயிற்சி இல்லாமல் தானாக முளைக்கும் தலைவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். துறை அதிலும் கண்ணும் கருத்துமாக இருக்கிறது. 2014 கடைசியில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தபோது சென்னையில் சில ஊழியர்கள் கூடிப் பேசினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் கருவுற்றிருந்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தன் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். 2016இல் தொழில் தகராறுச் சட்டம் தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் பொருந்தும், இங்கேயும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், பயந்தவர்களுக்கு முன்னால் நிற்கத் தெரிந்தவர்கள்! ரிசார்ட் ஸ்லைடில் ‘தலைவனின் ஐந்து குணங்கள்’ என்று வரும் பட்டியலில் நான்கு இவர்களிடம் தாராளமாக இருந்தது. ஐந்தாவதான ‘நிறுவனத்தோடு ஒத்திசைவு’ மட்டும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பரீட்சகர் யாராக இருந்தாலும் ஃபெயில் போடத்தான் செய்வார்.

அரசும் தன் பங்குக்குக் கை கொடுக்கிறது. 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ வந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி, சான்றிதழ். 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று மினி டைடல் பார்க்குகள் வந்தன. பிள்ளைகள் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டாம், கட்டடமே ஊருக்கு வரும் என்றார்கள். வந்திருக்கிறது. ஏ.சி. வந்திருக்கிறது, ஃபைபர் கேபிள் வந்திருக்கிறது, லிஃப்ட் வந்திருக்கிறது. முடிவெடுக்கிற நாற்காலி மட்டும் இன்னும் திண்டிவனம் தாண்டவில்லை. எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றிவிட முடியுமா?

இப்படி ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்கிற சிலரும் உண்டு. அவர்களைக் கண்டிக்காமல் விட்டால் பாராட்டு முழுமை பெறாது.

முதல் குற்றவாளி ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி. பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைப் பிடித்து, ஃபீஸ் வாங்காமல், எதிர்மாறாக உதவித்தொகை கொடுத்து, இருபது வருஷமாகத் தானே சொல்லிக்கொடுக்கிறது. நானூறு கல்லூரிகளின் பிழைப்பில் மண் போடுகிற செயல் இது. பட்டமில்லாத பிள்ளைகளைக் கொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, ஓ.எம்.ஆர். நெரிசலில் வாழ்க்கைப் பாடம் கற்கும் வாய்ப்பையும் கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறது. 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரிப் பதவியிலிருந்து இறங்கியபோதாவது வெளியூரிலிருந்து நல்ல ஆளாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், கூடவே இருந்த இணை நிறுவனர் சைலேஷ் குமார் டேவியை அமர்த்திவிட்டார்கள். இவர் அடுத்த தலைமுறை இல்லை, அதே தலைமுறைதான் என்பது ஒன்றே நமக்கு ஆறுதல்; அந்த ஒரு விஷயத்திலாவது மற்றவர்களோடு ஒத்துப்போகிறார்கள்.

இரண்டாவது குற்றவாளிகள், இருந்த இடத்தில் இருக்காமல் வெளியேறியவர்கள். கிரிஷ் மாத்ருபூதமே ஜோஹோவிலிருந்து வெளியே போய்த்தான் கடை போட்டார். அவரைப் போல இன்னும் பலர் போனார்கள். போனதோடு நிற்காமல், சாஸ்பூமி என்று கூடிக்கொண்டு, முதல் கிளையன்டை எப்படிப் பிடித்தோம், எந்த விலையில் சறுக்கினோம், எங்கே பணம் போனது என்று போட்டிக்காரனுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். தொழில் ரகசியம் என்றால் என்ன என்றே தெரியாத கூட்டம். கோபுரம் கட்டாமல், கோப்பை வாங்காமல், பட்ட அடியை மட்டும் வைத்து ஒருவரை ஒருவர் தலைவராக்கப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது ஆள் எல்லாரிலும் மோசம். பெயர் சொல்லும் அளவுக்குப் பெரியவரும் இல்லை. கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார். மொத்தமே முப்பது பேர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பெண்ணைக் கிளையன்ட் அழைப்பில் உட்காரவைத்து, ‘இன்னைக்கு நீயே பேசும்மா’ என்று சொல்லிவிட்டுத் தன் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டார். அந்தப் பெண் முதல் ஐந்து நிமிஷம் தடுமாறினாள். ஆங்கிலம் உடைந்தது. ஒரு தேதியைத் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னாள். கிளையன்ட் புது வசதி ஒன்று கேட்டபோது இவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இவர் வாயைத் திறக்கவில்லை. ‘இந்த மாதம் முடியாது சார், அடுத்த மாதம் தருகிறோம், இந்த மாதம் தந்தால் அரைகுறையாகத்தான் இருக்கும்’ என்று அவளே சொல்லிவிட்டாள். கிளையன்ட் சரி என்றார். அழைப்பு முடிந்ததும், ‘முடியாதுன்னு சொன்னது சரியா சார்?’ என்று கேட்டிருக்கிறாள். ‘தெரியலம்மா. அடுத்த மாசம் பார்த்துக்கலாம். சொன்னது நீ, கொடுக்க வேண்டியதும் நீ’ என்றாராம். ஸ்லைடு இல்லை, ஸ்கோர் கார்டு இல்லை, பன்னீர் பட்டர் மசாலா இல்லை. இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் கையில் ஒரு முடிவை அப்படியே கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இதற்குப் பெயர் நிர்வாகமா? இப்படி நாலு பேர் கிளம்பினால் ரிசார்ட்டுக்காரர் என்ன செய்வார், மும்பைப் பயிற்சியாளர் எவரெஸ்ட்டை எங்கே கொண்டுபோய் விற்பார்?

இவர்களை விட்டுத் தள்ளுவோம். சாலை முழுக்க நடக்கும் நற்பணியை இவர்களால் நிறுத்திவிட முடியாது. லேன்யார்டுகள் அச்சாகிக்கொண்டேதான் இருக்கும், கோப்பைகள் வந்துகொண்டேதான் இருக்கும், ‘நாளைய தலைவர்கள்’ என்ற பேனரில் வருஷத்தை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். நாளைய தலைவர் என்ற பட்டத்தில் உள்ள வசதியே அதுதான்: இன்றைக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. முப்பது வயதில் நாளைய தலைவர், நாற்பது வயதில் நாளைய தலைவர், நாற்பத்தைந்தில் ‘அமைப்பைச் சீரமைக்கிறோம்’ என்று ஒரு மெயில். இடையில் ஒரு நாள்கூட அவர் இன்றைய தலைவராகிக் கஷ்டப்படாமல் பார்த்துக்கொண்ட இந்தத் துறைக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப்போகிறோம்?

ஒரே ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். இத்தனை தலைவர்களைத் தயார் செய்து வைத்திருக்கிறீர்களே, இவர்களில் ஒருவரிடம் ஒரு பட்ஜெட்டையும் ஒரு கிளையன்டையும் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையையும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று டவுன் ஹாலில் எவராவது எழுந்து கேட்டால், பதற்றப்படாதீர்கள். ‘நல்ல கேள்வி’ என்று சொல்லிக் கைதட்டுங்கள். பிறகு அவர் பெயரை அடுத்த மாத ரிசார்ட் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்துவிடுங்கள். அவருக்குப் பயிற்சி இன்னும் போதவில்லை.